மூன்றாவது ஓட்டம்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் வெயிலை நம்பக் கூடாது, மேடம். பத்தே முக்காலுக்குத்தான் மரப்பாலத்தின் மேல் வந்து விழும். பதினொன்றேகாலுக்குப் பாறைக்குப் பின்னால் போய்விடும். நாளெல்லாம் காத்திருந்தாலும் அந்த அரைமணி நேரம்தான். இது தெரியாமல் என் வாக்குமூலத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் அவசரக்காரன் என்று தோன்றலாம். நான் அவசரக்காரன் அல்ல. பத்தொன்பது வருடம் காத்திருந்தவன்.

பெயர் கொர்னேல். வயது அறுபத்தொன்று. தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய நீராவி எஞ்சின்களைப் படமெடுக்கும் பைத்தியங்களைக் கூட்டிக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு முறை இந்தக் காட்டு ரயிலுக்கு வருவேன். அன்றைக்கு ரயில் எந்த ஊருக்கும் போகாது. பாலத்தைக் கடந்து எங்களைத் தாண்டி வந்து நிற்கும், பின்னாலேயே திரும்பிப் போகும், மறுபடி புகை கக்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு வருகையையும் ஓட்டம் என்போம். நாங்கள் இக்கரையில் ஒரே வரிசையாக நிற்போம். வரிசையைத் தாண்டி எவனாவது மூக்கை நீட்டினால் அவன் பரம்பரைக்கே திட்டு விழும். வரிசையை நிறுத்துவது என் பொறுப்பு. ஓய்வூதியம் வாங்க வருகிற கிழவர்களையே வரிசையில் நிறுத்தியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

இலாரியே அக்கரையில் நிற்பான். தண்டவாளக் காவலாள். பாலத்தின் அந்தக் கோடியில், வளைவுக்கு அப்பால் காத்திருக்கும் டிரைவர் சிமியோனுக்குப் பச்சைக் கொடி காட்டுவான். காட்டிவிட்டு, பாலத்தை ஒட்டித் தொங்கும் பலகை மேடையில் இரண்டு அடி பின்னால் வைப்பான். மேடையின் விளிம்பில் ஒரு மஞ்சள் இரும்புக் குழாய் உண்டு. அது முதுகில் பட்டதும் சாய்ந்துகொண்டு இடது கையை உயர்த்துவான். "நான் விலகிட்டேன், நீ எடுத்துக்கோ" என்று அர்த்தம். பத்தொன்பது வருடமும் அதே இரண்டு அடி, அதே கை. திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அவன் கண் முழுக்க என் மேலேயே இருக்கும்.

அவன் நல்லவன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, நீங்களும் எழுதிக்கொள்ளலாம். அவன் மனைவி பிளம் பழம் வைத்து அவிக்கும் உருண்டைகளை ஒவ்வொரு முறையும் துணியில் கட்டி எனக்கென்று கொண்டுவருவான். குறை ஒன்றுதான். அவன் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு மேலங்கி.

எங்கள் படத்தில் இந்தக் காலத்துப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டில், மின்கம்பி, ஆரஞ்சு மேலங்கி, எல்லாவற்றையும் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவோம். பல் தேய்ப்பதுபோல அது ஒரு பழக்கம். சாயம் வெளுத்த பழைய மேலங்கியாக இருந்தவரை எனக்கும் சிரமமில்லை. மேடைத் தூணுக்கு வெளியே அதன் ஓரம் மட்டும்தான் தெரியும். அழித்துவிடுவேன். ஆனால் அழித்த படம் பொய்ப் படம். பொய் எனக்குப் பிடிக்காது. அழிக்கத் தேவையே இல்லாத ஒரு படம், அந்தப் பாலத்தில், சாவதற்குள் ஒன்று. வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

இந்த வசந்தத்தில் அவனுடைய மகள் இத்தாலியிலிருந்து புது மேலங்கி அனுப்பினாள். சாலை போடும் வேலையில் இருக்கிறாள். வெள்ளிப் பட்டை வைத்தது. பக்கத்து மலையிலிருந்தே தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டான். உண்மைதான். வெயில் பட்டால் அந்த ஆரஞ்சு எகிறி நீராவியிலேயே ஏறிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா? வெள்ளை நீராவியில் ஏறிய ஆரஞ்சை எந்தக் கம்ப்யூட்டராலும் பிரிக்க முடியவில்லை. மே மாதப் பயணம் அப்படித்தான் பாழாயிற்று. அக்டோபர் பயணம் கடைசி. ஸ்மரான்டா எஞ்சினின் கொதிகலனுக்குக் கொடுத்த அனுமதி அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதன் பிறகு அது அருங்காட்சியகத்தில் குளிர்ந்துபோய் நிற்கும்.

அன்று காலை எட்டரைக்கு அவனிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னிக்கு ஒரு நாள் இதைக் கழட்டி வெச்சிடேன், இலாரியே."

"கழட்டினா சிமியோனுக்கு நான் ஒரு மரம்ணே. மரத்துக்காக எந்த டிரைவர் பிரேக் போடுவான்?"

"அரைமணி நேரந்தானேப்பா."

"எம் பொண்ணு போன்ல தினம் கேக்குறா, போட்டிருக்கியாப்பா, போட்டிருக்கியாப்பான்னு. அவகிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

பொய் சொல்லச் சொல்கிற ஆள் நானில்லை. சரி என்று விட்டுவிட்டேன். பிறகு மஞ்சள் குழாயைக் காட்டி, பழைய படங்களில் அது கிடையாது, ஒரு மணி நேரத்துக்குக் கழற்றி வை என்றேன். தலையில் அடித்துக்கொண்டான்.

"உங்க தொல்லை பெருந்தொல்லைண்ணே. அடுத்த வருஷம், மலை கோணலா நிக்குது, நிமித்து இலாரியேன்னுவீங்க."

சிரித்துக்கொண்டே ஸ்பானரை எடுத்தான். நான்கு போல்ட். நானே பிடித்துக்கொண்டேன். பிளம் உருண்டை மூட்டையை என் கையில் கொடுத்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னான்.

அந்தக் குழாயைப் பற்றி நேற்று நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்பது தெரியும். இன்று காலை பாலத்துக்கே போய் வரிசை நின்ற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். அங்கிருந்து தூண் மறைக்கிறது, குழாய் தெரியவே தெரியாது, தெரியாத குழாயை எதற்குக் கழற்றச் சொன்னாய் என்கிறீர்கள். நல்ல கண் உங்களுக்கு. எங்களோடு வந்திருந்தால் நன்றாகப் படமெடுப்பீர்கள்.

பத்து ஐம்பதுக்கு முதல் ஓட்டம். கொடி காட்டினான். ஒரு அடி பின்னால் வைத்தான். வைத்தவன் நின்றுவிட்டான். குழாய் இல்லாதது ஞாபகம் வந்ததோ, இல்லை பலகை வழுக்கியதோ, எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தான். நான் உள்ளங்கையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் என்று தள்ளினேன். வழக்கமாகக் காட்டும் சைகைதான். இரண்டாவது அடியை வைத்துச் சாய்ந்தான்.

இருபத்தாறு பேரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் உட்காருவது எதிர்ப்பக்கம். ஊதல், நீராவி, பாலத்து மரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம். அவன் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. கத்தினான் என்று நான் நினைக்கவில்லை. அன்று கை மட்டும் உயரவில்லை.

எங்களைத் தாண்டி ரயில் நின்றதும் சிமியோன் தலையை நீட்டினான். "இலாரியே எங்கண்ணே? மேடையில ஆளக் காணோம்?"

"கீழ இறங்கியிருக்கான். நீ பின்னால போ, வளைவுக்கு இந்தப் பக்கமே நில்லு. என்கிட்ட ஒரு கொடி இருக்கு, இந்தத் தடவை இங்கேருந்து நானே காட்டுறேன்."

"காலங்காத்தாலயே வயிறு சரியில்லையா அவனுக்கு?" என்று சிரித்துவிட்டு ரயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பதினொன்று ஐந்துக்கு இரண்டாவது ஓட்டம். இதைப் பற்றித்தான் நேற்று நாள் முழுக்கக் கேட்டீர்கள். டிஜிட்டலில் எடுத்த இருபத்தைந்து பேரின் படங்களையும் வாங்கிப் பார்த்தீர்கள். எல்லாவற்றிலும் பாலம், எஞ்சின், கீழே வெறும் சரளைக்கல். ஒருவர் படம்கூட மாறவில்லை என்பதே உங்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்கிறது. எல்லாரும் கூட்டுச்சதி என்று நினைத்தீர்கள். பாவம் அவர்கள். பழக்கதோஷம். அன்று மாலையே எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன் என்பது உண்மை. "கீழே கிடக்கும் ஆரஞ்சை அழித்துவிட்டுப் படத்தை வெளியிடுங்கள்." ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அனுப்புகிற செய்திதான். ஒருவர்கூட என்ன ஆரஞ்சு என்று திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் சாவுச் செய்தி தெரிந்த பிறகு சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அழித்தாகிவிட்டதே. அழித்தவன் வாயைத் திறப்பானா?

மெலானியாவை நான் கணக்கில் எடுக்கவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறாள், இதுதான் அவளுக்கு முதல் பயணம். இந்தக் காலத்திலும் ஃபிலிம் போட்டுத்தான் எடுப்பேன் என்கிற பிடிவாதக்காரி. வரிசையில் எல்லாரும் கேலி செய்தார்கள். "அக்கா, இதைக் கழுவி எடுக்கறதுக்குள்ள எஞ்சினே துருப்பிடிச்சிடும்" என்றான் ஒருவன். "துருப்பிடிக்கட்டுமே, உம் படம் மாதிரி முகத்துக்குப் பவுடர் போடாதுல்ல" என்றாள் அவள். ஃபிலிமில் விழுந்தது விழுந்ததுதான். மூன்று வாரம் கழித்து அவள் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த அந்தப் படம் இப்போது என் முன்னால் மேசையில் இருக்கிறது. ஒளி அதிகம், எஞ்சின் நடுவில் இல்லை, பாலமும் சாய்ந்திருக்கிறது. ஆனால் சரளைக்கல்லில் அவன் கிடப்பதும், கை உயர்ந்திருப்பதும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

அன்று வரிசையிலும் ஒருவன் கேட்டான். "கீழ என்னமோ ஆரஞ்சா கிடக்குதே, கொர்னேல் அண்ணே?"

"மரம் வெட்டுறவங்க விட்டுட்டுப் போன தார்ப்பாய்ப்பா. தண்ணியில வந்திருக்கும்."

"காட்டையே குப்பைமேடாக்கிட்டானுங்க" என்று அவன் வைது தீர்த்தான். மெலானியா மட்டும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் ஆடுகிறதே என்றாள். தார்ப்பாய் ஆடத்தானே செய்யும் என்றேன்.

எனக்கு அது தார்ப்பாய் இல்லை என்று தெரியுமா என்று கேட்டீர்கள். நேற்று தெரியாது என்றேன். அது ஒன்றுதான் இந்த விசாரணையில் நான் சொன்ன பொய், அதற்காக வெட்கப்படுகிறேன். தெரியும். என் கேமராவில் மற்ற எவனுடையதையும்விடத் தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ் இருக்கிறது. கை இரண்டு முறை தாழ்ந்து மூன்று முறை உயர்ந்தது. எண்ணினேன்.

பதினொன்று எட்டு ஆகியிருந்தது. வெயில் இன்னும் ஏழு நிமிடம். வரிசையை இடது பக்கம் பதினைந்து தப்படி தள்ளி நிற்க வைத்தேன். அங்கே ஒரு தேவதாரு மரம் சரளைக்கல்லை அப்படியே மறைத்துவிடும். யாரும் முணுமுணுக்கவில்லை. நான் சொன்னால் நகருவார்கள். சிமியோனுக்குக் கொடி காட்டினேன்.

மூன்றாவது ஓட்டம். ஸ்மரான்டா அன்று வந்ததுபோல என்றைக்குமே வந்ததில்லை. நீராவி பால் வெள்ளை. பாலத்தின் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக மின்னியது. ஒரு பொட்டு ஆரஞ்சு கிடையாது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அந்தப் படத்தில் நான் எதையும் அழிக்கவில்லை, மேடம். வேண்டுமானால் உங்கள் ஆட்களைக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.

பிறகு வெயில் போயிற்று. நெருப்பு மூட்டி, பன்றிக்கொழுப்பை வாட்டி, வெங்காயத்தோடு சாப்பிட்டோம். அவன் கொடுத்த பிளம் உருண்டைகளை எல்லாருக்கும் பங்கிட்டேன். வீணாக்கக் கூடாது அல்லவா. மற்றவர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, பன்னிரண்டரைக்கு சிமியோன்தான் தேடிக்கொண்டு கீழே போனான். அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. உடம்பில் சூடு ஆறவில்லை என்றானாம். ஏறக்குறைய பன்னிரண்டுவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்ற வரியை இரண்டு முறை படித்தீர்கள்.

ஆகவே நேரடியாகவே எழுதிக்கொள்ளுங்கள். குழாயைக் கழற்றச் சொன்னது நான். அவன் முதுகு அதைத் தேடும் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் ஒவ்வொரு படத்திலிருந்தும் அவனை அழித்தவன் நான். அவன் எங்கே கால் வைப்பான், எங்கே சாய்வான் என்று அவன் மனைவிக்குக்கூட அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அவன் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். கை உயர்ந்ததைப் பார்த்தபோது, அவன் என்ன கேட்கிறான் என்று நினைத்தாய் என்று. அவன் மகளும் கதவருகே நின்றுகொண்டு அதையேதான் கேட்டாள். உதவி என்று நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள். உங்களுக்கு அவனை அவ்வளவாகத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பத்தொன்பது வருடமாக அந்தக் கைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். நான் விலகிட்டேன், நீ எடுத்துக்கோ.

எடுத்துக்கொண்டேன்.