முட்டிக்கால் தண்ணீர்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது நம் நாகராஜனுடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது. பெயர் ஆதிகேசவன். இன்னும் இருக்கிறான்... திருத்தணியில், மலைப்படிக்குப் பக்கத்தில், ஒரு மாடி அறையில்.

விளக்கு வைக்கிற நேரம். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வருகிற ரோடு. ஆள் இல்லை, பஸ் இல்லை... சொல்லப்போனால் ரோடே இல்லை. எழுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை மழையில் ஏரி உடைந்து, ரோட்டின் மேல் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் ஆதிகேசவன் தன்னந்தனியாக ஒரு மோட்டார் படகை ஓட்டிக்கொண்டு வந்தான்.

அன்று பகலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆதிகேசவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. மெட்ராஸுக்குப் போய்ப் படகு ஓட்டக் கற்றவன். வெள்ளத்தில் மாட்டிய ஜனங்களை மீட்க லாரியில் ஏற்றி வந்த படகுக்கு அவன்தான் டிரைவர். கரையில் அத்தனை ஊரும் கூடி நின்றது. அவனுடைய அத்தை முறை சுலோச்சனாவும் நின்றாள்.

"ஏண்டா ஆதி, வெள்ளப் பேன்ட்டு, கூலிங்கிளாசு... மழையில எதுக்குடா கண்ணாடி? மாப்ள பாக்கவா வந்துகிறோம்?"

கரை முழுக்கச் சிரித்தது. அவன் முகம் சிவந்துபோயிற்று.

எல்லப்பன் என்கிற நெசவாளி ஓடி வந்தான். அவன் நூல் வாங்கத் திருத்தணி போயிருந்த நேரத்தில் ஏரி உடைந்திருந்தது. மனைவி பாஞ்சாலி மட்டும் அக்கரையில், வீட்டுக்குப் பின்னால் ஒரு மேட்டில். தறிக்குழியில் விழுந்து அவள் கால் பிசகியிருந்தது, நடக்க முடியாது.

"நானும் வரேங்க. மோடு பக்கம் ஆழம் இல்ல. எறங்கி இழுக்க ஆள் வோணும்."

"இழுக்கறதுக்கு இது இன்னா மாட்டு வண்டியா? நீ கரையில நில்லு" என்றான் ஆதிகேசவன். எல்லாரும் கேட்கும்படி, சத்தமாக.

அந்தப் படகைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். என்ஜின் படகுக்குள்ளே இருக்கும். அதன் கால் மட்டும் பின்பக்கம் தண்ணீருக்குள் தொங்கும், நுனியில் விசிறி. ஆழம் குறைந்தால் பொத்தானை அழுத்திக் காலைத் தூக்கிவிட வேண்டும். முழுக்கத் தூக்கினால் படகு ஓடாது. இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான்.

மேட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது விசிறி மணலைக் கிளறியது. கர்ர்ர்... அவன் என்ஜினை நிறுத்தினான்.

மேட்டிலிருந்து பாஞ்சாலி கத்தினாள். "முட்டிக்கால் தண்ணிதாண்ணா! எறங்கி இழுத்துகினு வாங்க!"

அவன் திரும்பிப் பார்த்தான். கரையில் ஆபீசர்கள். சுலோச்சனா. மாட்டு வண்டியா என்று கேட்ட வாய்... இப்போது பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மாடு மாதிரி இழுக்க வேண்டும்.

"தண்ணி ஏறட்டும், வரேன்!" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினான்.

"ஆழம் பத்தலைங்க சார்" என்றான் கரையில். ஆபீசர் தலையாட்டினார்.

மத்தியானம், அதற்கு மேலே இருந்த இன்னொரு ஏரியும் உடைந்தது. இப்போது ஆழம் போதும். படகு மேடு இருந்த இடத்தின் மேலேயே ஓடியது. கால் எதிலும் தட்டவில்லை. அங்கே யாரும் இல்லை.

எல்லப்பன் அழக்கூட இல்லை. ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான். "நீங்க இன்னா பண்ணுவீங்க... தண்ணி பத்தலன்னா படகு எப்பிடிப் போவும்?"

ஆதிகேசவன் தலையைக் குனிந்தான். அவனுடைய வெள்ளைப் பேன்ட்டில் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

சரி... விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவோம். லாரி நிற்கிற இடத்துக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. காலைப் பாதி தூக்கி, மெதுவாக ஓட்டினான். சேற்றை உறிஞ்சி என்ஜின் சூடேறியது. ரப்பர் கருகுகிற நாற்றம். நிறுத்தினான். காலை முழுக்கத் தூக்கினான்.

தவளைச் சத்தம்கூட இல்லை. ஆறுகிற என்ஜின் மட்டும்... டிக்... டிக்...

இறங்கி இழுக்க வேண்டும். பார்க்க ஒருவரும் இல்லை. ஆனாலும் அவனால் இறங்க முடியவில்லை. அன்றைக்குக் காலையில் இறங்காதவன் இப்போது எந்த முகத்தோடு இறங்குவான்?

அப்போது முன்பக்கத்துக் கயிறு விறைத்தது.

படகு நகர்ந்தது. முன்னால், இருட்டில்... சளக். கொஞ்சம் இடைவெளி. சர்ர்ர்க். மறுபடி சளக்... சர்ர்ர்க்... ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுத்து இழுத்து யாரோ நடக்கிற சத்தம். புளித்த கஞ்சி வாசனை. நூலுக்குப் பசை போடுகிற கஞ்சி.

கையில் டார்ச் இருந்தது. அவன் அடிக்கவில்லை. "நான் எறங்கறேம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். அந்த நொண்டி நடை நிற்காமல், ரோட்டோடு ரோடாக அவனை இழுத்துக்கொண்டே போயிற்று.

லாரி வெளிச்சம் தெரிந்ததும் கயிறு தொய்ந்தது. லாரி டிரைவர் கிருஷ்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எறங்கி இழுத்துகினே வந்தியா? பரவால்லயே!"

ஆதிகேசவன் குனிந்து பார்த்தான். பேன்ட் முட்டி வரைக்கும் நனைந்திருந்தது. மடிப்பில் மணல். அவன் படகை விட்டு இறங்கவே இல்லை.

"ஆங்" என்றான். அன்றைக்கு இரண்டாவது பொய்.

வேலையை விட்டுவிட்டுத் திருத்தணிக்கு வந்து பவர்லூமில் சேர்ந்தான். மறு வருஷம் கார்த்திகையில், அதே தேதி, விடிந்து எழுந்தால் வேட்டி தொடை வரைக்கும் ஈரம். மாடி அறை. மழை இல்லை. கதவு உள்ளே தாழ். அதற்கடுத்த வருஷம் இடுப்பு வரைக்கும். பிறகு மார்பு...

நாகராஜன்தான் சொன்னான், "அந்த எல்லப்பன்கிட்ட போய் உள்ளத சொல்லிட்றா."

"போறேண்ணா. வருசா வருசம் போறேன். போனா டீ வாங்கிக் குடுக்கறாரு. குடிச்சிட்டு வந்துடறேன். வெக்கமா கீதுண்ணா..."

போன கார்த்திகையில் அந்தத் தேதிக்கு நாகராஜன் அவனோடு போய்த் தங்கினான். விடியற்காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தான். ஆதிகேசவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் வரைக்கும் சொட்டச் சொட்ட ஈரம். மோவாயில் மணல். தலைமயிர் மட்டும் காய்ந்திருந்தது.

அடுத்த வாரம் கார்த்திகை பிறக்கிறது.