குளத்தில் வேப்பிலை

சகாயராஜ்: ...அதான் கேக்குறேன், விக்டோரியா. சண்டே ஸ்கூல் டீச்சர் வீட்டுக் குளத்துல வேப்பிலைக் கட்டு எதுக்கு மிதக்குது?

விக்டோரியா: மீனுக்குப் பேன், மூப்பரண்ணே.

சகாயராஜ்: பேனா... அப்ப சீப்பு வாங்கிப் போடவேண்டியதுதானே.

விக்டோரியா: சிரிங்க, சிரிங்க. செதில் மேல ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சுதுண்ணே. ரோகு மீனெல்லாம் கரையில உரசி உரசிப் புண்ணாப்போச்சு. பபேடான் கடைத்தெருவுல மருந்து வாங்கியாந்து ஊத்துனேன். குஞ்சு செத்துச்சு, பேன் சாகல. லப்பேயே டீ ஆறுது, குடிங்க.

சகாயராஜ்: குடிக்கிறேன். தண்ணியும் மஞ்சளா இருந்துச்சாமே. நம்ம ரோஸ்லின் பாத்துட்டா. கியாக்தான் பஸ்ஸை விட்டு அவ இறங்குறதுக்குள்ள சபை பூராச் சொல்லியாச்சு.

விக்டோரியா: மஞ்சத்தூள்ணே. புண்ணு ஆற.

சகாயராஜ்: வேப்பிலை, மஞ்சள்... நீ மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டன்னு பேசுறாங்க. இனிமே நீ பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கலாமா வேணாமான்னு ஞாயித்துக்கெழமை நாந்தான் சொல்லணும்.

விக்டோரியா: பாடத்துல கைவைக்காதீங்கண்ணே. அந்தப் பிள்ளைங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா...

சகாயராஜ்: அப்ப ஒழுங்காச் சொல்லு. இலையை எப்பிடிப் போட்ட?

விக்டோரியா: அரைச்சு, கொதிக்கவச்சு, ஆறுனதும் ஊத்துனேன். மிச்சத்தைக் கட்டாக் கட்டி...

சகாயராஜ்: கொழுந்தா, முத்துனதா?

விக்டோரியா: விசாரணைக்கு அது எதுக்குண்ணே?

சகாயராஜ்: கேட்டதுக்குப் பதில்.

விக்டோரியா: முத்துனது. தீனியில பூண்டும் போட்டேன்.

சகாயராஜ்: வேகவச்சா?

விக்டோரியா: பச்சையா நசுக்கி... ஆமா, தன்லியின்ல உங்க குளம் எப்பிடி இருக்கு?

சகாயராஜ்: பேச்சை மாத்தாத. இப்ப பேன் இருக்கா?

விக்டோரியா: மருந்துக்குக்கூட இல்ல.

சகாயராஜ்: இவ்வளவுதான் செஞ்சியா? வேற ஒண்ணும்...

விக்டோரியா: இவ்வளவுதாண்ணே.

சகாயராஜ்: பொய் சொல்லாத, தங்கச்சி. இதெல்லாம் நானும் செஞ்சாச்சு. கொழுந்து, முத்துனது, பூண்டு, மஞ்சள்... என் குளத்துல மீன் தெனம் செத்து மிதக்குது. மச்சான் நிலத்தை அடகு வச்சுல்ல குளம் வெட்டுனேன். இது போச்சுன்னா குடும்பத்தோட தெருவுல நிக்கணும்.

விக்டோரியா: அது வந்துண்ணே... யாரு காதுலயாவது விழுந்தா...

சகாயராஜ்: கதவு சாத்தித்தான் இருக்கு. சொல்லு.

விக்டோரியா: பக்கத்து வீட்டு சுப்பம்மாக்கா கூப்பிட்டாங்கண்ணே... மாரியம்மன் கோயிலுக்கு. முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டுப் போனேன்.

சகாயராஜ்: போயி?

விக்டோரியா: மீன் பொழைச்சா சேவல் குடுக்கிறேன்னு... நேந்துக்கிட்டேன். வேற வழி தெரியலண்ணே. அன்னையில இருந்து ஜெபம் பண்ணக்கூட வெக்கமா இருக்கு. என்னை நீக்கிருங்க.

சகாயராஜ்: எதுக்கு நீக்கணும்? வேப்பிலை மூலிகை மருந்து, அம்புட்டுதான். நானே சபையில எந்திரிச்சுச் சொல்றேன்.

விக்டோரியா: நெசமாவாண்ணே?

சகாயராஜ்: நெசமாத்தான். நேர்ச்சையை எப்பக் குடுக்கப்போற?

விக்டோரியா: வர்ற வெள்ளிக்கெழமை. யாரு கண்ணுலயும் படாம...

சகாயராஜ்: அப்ப என் வீட்டுலருந்து ஒரு சேவலைக் குடுத்து விடுறேன்... அதையும் ஒன்னோடதுன்னே சொல்லிக் குடுத்துரு.