அக்கி என்ற சொல்லையே ஐயுற்ற வைத்தியர் மர்சூக் அவர்களுக்கு

வயலும் கடலும் வாழவைக்கும் கல்முனைக் கரையின் வைத்திய மாமணியே! எமது சுதேச வைத்தியசாலைப் பொறுப்பிலிருந்து இன்று ஓய்வுபெறும் ஜனாப் மீராசா மர்சூக் அவர்களே! அன்பும் ஸலாமும் கலந்து தங்கள் ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல் இது.

கைராசிக்காரர் என்று ஊர் தங்களைப் புகழும். நாங்கள் புகழ வந்ததோ, தாங்கள் 'இல்லை' என்று சொன்ன ஒரு நாளை.

அக்கிக் கொப்புளத்துக்குப் பொடுதலை இலையை அரைத்துப் பூசிப் பரீட்சித்த காலம் அது. அக்கியென்று வந்தவர்கள் அநேகமாக எல்லாருமே கிடுகிடுவெனத் தேறினார்கள். நாங்கள் தலைகால் புரியாமல் மகிழ்ந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதவும் தொடங்கிவிட்டோம். தாங்களோ தாடியைத் தடவியபடி, "எங்கட ஊர்ல எதத்தான் அக்கியெண்டு சொல்றதில்ல? வேர்க்குருவும் அக்கி, பூச்சி கடிச்சதும் அக்கி. நாம எதச் சுகமாக்கினம்?" என்று கேட்டீர்கள்.

முதலில் எரிவு கண்டு, பின் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாய்க் கொப்புளிக்கும் மெய்யான அக்கியைத் தனியே பிரித்தெடுத்தீர்கள். பாதிப்பேருக்கு இலை, மீதிப்பேருக்கு வெறும் தேங்காயெண்ணெய். இரு சாராரும் ஒரே மாதிரித்தான் தேறினார்கள். எங்கள் முகம் தொங்கிப்போயிற்று. தங்கள் முகமும் வாடியது. ஆண்டுக்கணக்கான உழைப்பல்லவா!

அவ்வேளையில்தான் மருதமுனை நெசவாளி ஆசியா உம்மா, நெற்றியிலும் இமையிலும் அக்கி பொங்க வந்து நின்றார்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு உங்கட இலதானே டொக்டர் சுகமாக்கினது? எனக்கும் பூசுங்க" என்றார்.

பூசி அனுப்பியிருந்தால் அவர் மனம் குளிர்ந்திருக்கும், கண் கெட்டிருக்கும்.

"உம்மா, அந்தப் புள்ளைக்கு வந்தது வேர்க்குரு. இதுக்கு எண்ட இலையால ஏலா. வாங்க, இப்பவே மட்டக்களப்புக்குப் போவம்" என்று தாங்களே வாகனத்தில் ஏற்றிக் கண் வைத்தியரிடம் கொண்டுசேர்த்தீர்கள்.

தம் மருந்தைத் தம் வாயாலேயே மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்! தங்களுக்கு வந்தது. அதற்காகவே தங்களை நேசிக்கிறோம்.

வல்ல அல்லாஹ் தங்களுக்கு நோயற்ற நெடிய ஆயுளையும், குடும்பத்தாரோடு குன்றாத மனநிறைவையும் அருள்வானாக! இப்போது தங்கள் தோளில் நாங்கள் போர்த்தப்போகும் சால்வை ஆசியா உம்மா தம் கையால் நெய்தது. அறுந்த இழைகளையெல்லாம் யார் உதவியுமின்றித் தாமே பார்த்துப் பார்த்து முடிச்சிட்டாராம்.

தங்களோடு பணிபுரிந்ததில் பெருமைகொள்ளும்
சுதேச வைத்தியசாலை ஊழியர்கள்
கல்முனை, 1986