தினமும் போன ஒன்று

1. மானாம்பதியில் பேருந்து ஏறிய ஒரு கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.
2. அவள் கைபேசிக்கு மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: "நேற்று மாத்திரை போட்டீர்களா? ஆம் 1, இல்லை 2."
3. அவள் 1 தட்டப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் பேசினான்.

"நான் மாத்திர போட்டு ஒரு மாசம் ஆவுது."

"இன்னாய்யா சொல்ற? உனக்காவ தினம் ஒண்ணு அனுப்பிக்கினு கீறனே!"

"செங்கல் சூளையிலயே தங்கிக்கினு, பத்து பேர் பாக்க எப்டிமே முழுங்குறது? எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சா வேலையும் போவும்."

"பதில் போவலன்னா நர்ஸம்மா வூட்டாண்ட வந்துடுவாங்கன்னு பயந்து, உன்னக் கேக்காமயே அனுப்பிட்டேன்."

"ரெண்டு போட்டா திட்டுவாங்க."

"திட்டட்டும். உசுரோட இருந்து வாங்கிக்கோ."

அவள் கைபேசியை அவன் மடியில் வைத்தாள்.

உத்திரமேரூரில் அவர்கள் எழுந்தபோது திரையில் 2 இருந்தது. அவன் அதை இன்னும் அனுப்பவில்லை.