பக்கத்துக் காம்பராவின் பாட்டு

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொரோனா தடுப்பூசிக்கு வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு வெள்ளை வட்டம் போட்டுத் தள்ளி நிறுத்தியிருந்ததால், ரகசியம் பேசக்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"எங்க லைன் வீட்டுல பக்கத்துக் காம்பரா பய யூடியூப்புல பாட்டு விட்டிருக்கான், கேட்டியா புள்ள?" என்றார் மூத்தவர்.

"அது பாட்டாக்கா? கழுத்தறுத்த கெடா மாதிரி கத்துறான்."

"அதுக்குப் பேரு 'மெட்டல்' பாட்டாம். நாலு பேரு சேந்த பாட்டுக் குழுவாம். ஊரடங்குல நாலு தோட்டத்துல மாட்டிக்கிட்டு, அவனவன் வீட்டுலயே கத்தி, போன்லயே ஒட்டியிருக்கானுங்க. எங்க ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல ஒத்தப் பலகைதான். அவன் கத்துறது என் சோத்துச் சட்டியில வந்து விழுகுது. பொறுக்க முடியாம ஒருநாள், 'வாய மூடுடா எரும! ஒனக்கு வந்த நோவு கொரோனாவ விட மோசம்டா'ன்னு கத்திட்டேன்."

"அதுக்கப்புறமாச்சும் நிறுத்துனானா?"

"எங்க நிறுத்துனான்? அதையும் சேத்துல்ல பாட்டுல விட்டுட்டான்! வெளிநாட்டுக்காரனுங்க, அந்தப் பொம்பள யாருன்னு கேட்டு எழுதுறானுங்களாம். அவன விட நான்தான் நல்லா கத்துறேனாம்."

"கருமம்! அழிக்கச் சொல்ல வேண்டியதுதானேக்கா?"

மூத்தவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தார்.

"எதுக்கு? இப்பல்லாம், 'ரெக்கார்டு போட்டுட்டியாடா'ன்னு கேட்டுட்டுத்தான் நான் திட்டவே ஆரம்பிக்கிறது."