ஏணி வண்டிக்கு யார் விலை வச்சது?

— காலை ஆட்டாதீங்க. பெஞ்சே ஆடுது.

— நான் எங்க ஆட்டுறேன்? விசாரணை ஆபீஸ்ல வேற எப்படி பெஞ்சு போடுவாங்க? நீ தைரியமா இரு. பாத்துக்கலாம்.

— நான் தைரியமாத்தான் இருக்கேன். நீங்கதான் வந்ததுலேர்ந்து ‘பாத்துக்கலாம், பாத்துக்கலாம்’னு ஜபம் பண்றீங்க. சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க, முதல்ல அதைப் பாருங்க.

— அட, ஆமா! இதை வீட்டுலயே சொல்லக் கூடாதா?

— ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு கார்ல வந்தோம். நான் எங்க பாத்தேன்?

— வேற என்ன வழி? ரெண்டு பேரும் தீயணைப்பு வண்டிதான் விக்கிறோம். நீ அந்தக் கம்பெனி, நான் இந்தக் கம்பெனி. போட்டிக் கம்பெனியில சம்பந்தம் பண்ணியிருக்கோம்னு தெரிஞ்சா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க.

— அதுக்காக? தீயணைப்பு நிலைய வாசல்ல கட்டின பொண்டாட்டிக்கே ‘வணக்கம் மேடம்’னு கும்பிடு போட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்.

— நீ மட்டும் என்னவாம்? ‘சார் சௌக்கியமா’ன்னு கேட்ட. அன்னிக்குக் காலையிலதான் ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டேன்னு என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருந்த.

— சரி, இப்பக் கேக்கறேன். வீட்டுல தொழில் பேசக் கூடாதுன்னு நாமளே சட்டம் போட்டோம். இது வீடு இல்லையே. ஏணி வண்டிக்கு நீங்க கேக்கற விலையை யாரு முடிவு பண்றாங்க?

— அதை இங்க வந்தா கேப்ப?

— உள்ள போனா அவங்க கேப்பாங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.

— மேலேர்ந்து வரும். டெண்டருக்கு முந்தின சாயங்காலம் போன்ல சொல்லுவாங்க. அதுல ஒரு காசு குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல. உனக்கு?

— அதே சாயங்காலம், அதே மாதிரி போன். ஏணி வண்டின்னா எப்பவும் உங்க விலையை விடக் கொஞ்சம் கூட. ஒரு ஏணி வண்டியாவது நான் வித்திருக்கேனா? நீங்க ஒரு தண்ணி வண்டியாவது?

— தண்ணி வண்டியில நீ கெட்டிக்காரின்னு நினைச்சேன். உன்கிட்டதானே தோக்கறோம்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

— நானும் அப்படித்தான் உங்களைப் பத்திப் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

— இரு, இரு. அப்ப சிறந்த விற்பனையாளர்னு மேடையில கொடுத்தாங்களே, அந்தக் கேடயம்?

— அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— வாய் வலிக்கப் பேசி வித்தேன்மா! உச்சி வரைக்கும் ஏணியில நானே ஏறிக் காட்டினேன்!

— ஏறினீங்க. இறக்கறதுக்குத்தான் ஆள் வேண்டியிருந்துச்சு. வாங்கறவங்களுக்கு வேற கடையே இல்லீங்க. வண்டி கட்டிக்கிட்டிருந்த சின்னப் பட்டறையை எல்லாம் ஒண்ணொண்ணா நம்ம ரெண்டு கம்பெனியும் வாங்கி மூடிட்டாங்க. விலை ரெண்டு மடங்கு ஆச்சு. பணத்தைக் கட்டினாலும் வண்டி வர வருஷக்கணக்காகுது.

— விக்க வேற ஆளில்லாத சந்தையில விலை ஏறத்தான் செய்யும். அது வியாபாரம்.

— ரயில் கேட்டுப் பக்கத்துல எரிஞ்ச வீடும் வியாபாரமா? புதுசு வாங்கக் கட்டுப்படியாகாம தீயணைப்பு நிலையத்துல ஓட்டை வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனாங்க, அது பாதி வழியில நின்னுடுச்சு. மாடியில மாட்டிக்கிட்ட அந்த வீட்டு அம்மாவை யாராலயும் இறக்க முடியல. அந்த நிலைய அதிகாரி அப்புறம் என்னைப் பாத்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டல. அதுதான் எனக்குத் தாங்கல.

— தெரியும். அன்னிக்கு நீ சாப்பிடவே இல்ல. ஏன்னு நானும் கேக்கல.

— ஏங்க, ரெண்டு கம்பெனியும் கூடி விலையைப் பேசி வச்சதுல உங்களுக்குப் பங்கு இல்லையே?

— உனக்கென்ன பைத்தியமா? தெரிஞ்சிருந்தா அந்தக் கேடயத்தைத் தினம் துடைச்சு வைப்பேனா?

— சரி. எனக்கு இது போதும்.

— வணக்கம் சார், வணக்கம் மேடம்! ஒரே பெஞ்சுலயே உக்காந்தாச்சா? என் வேலை பாதி முடிஞ்சுது.

— வாங்க வக்கீல் சார். மேடம், இவர் எங்க கம்பெனி வக்கீல். சார், இந்த மேடத்தை எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்ல.

— எனக்கும் ஒரு வக்கீல் வருவார்னு எங்க கம்பெனியில சொன்னாங்களே?

— நானேதான் மேடம். ரெண்டு கம்பெனிக்கும் இப்ப நான் ஒருத்தன்தான். விஷயம் ரொம்ப சிம்பிள். உள்ள போய், ‘நாங்க புருஷன் பொண்டாட்டி, வீட்டுல பேசி நாங்களே விலை வச்சோம், கம்பெனிக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்.

— புருஷன் பொண்டாட்டியா? யார் சொன்னது?

— என்ன சார் நீங்க! உங்களுக்குக் கல்யாணம் ஆன மாசமே ரெண்டு முதலாளிக்கும் தெரியும்.

— தெரிஞ்சுமா எங்களை வேலையை விட்டு எடுக்கல?

— மெதுவாப் பேசுங்க. எடுக்கறதா? ரெண்டு பேருக்கும் ஒரே ஊரை ஒதுக்கினதே அதுக்குத்தானே! என்னைக்காவது இப்படி விசாரணைன்னு வந்தா, கைகாட்டறதுக்கு ஒரு வீடு வேணும்ல?

— அடப்பாவி! நாங்க திருட்டுத்தனமாக் குடும்பம் நடத்தினோம்னு நினைச்சா, நீங்க பலி ஆடு வளத்திருக்கீங்க!

— விஷயம் சிம்பிள் சார், கோவப்படாதீங்க. அபராதத்தைக் கம்பெனி கட்டும். உள்ள இருக்கற நாளுக்கும் சம்பளம் வரும்.

— ஜெயிலுக்குச் சம்பளமா? யோவ், இவ என் பொண்டாட்டி. இவ மேல ஒரு தூசு விழட்டும், அப்புறம் பாருங்க. அந்தப் போன் சமாச்சாரம் எல்லாத்தையும் நான் உள்ள போய்க் கொட்டிடறேன்.

— கொட்டுங்க. போன்ல பேசினதுக்கு என்ன அத்தாட்சி வச்சிருக்கீங்க? புகார் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கான், அவன் பேரை மட்டும் இவங்க வெளிய விடல. அது தெரியட்டும், இந்தத் தொழில்ல எங்கயும் அவன் தலைகாட்ட முடியாது.

— அப்ப என்னை நல்லாப் பாத்துக்குங்க வக்கீல் சார், புகார் கொடுத்தது நான்தான். ஏங்க, எழுந்து வாங்க உள்ள. நீங்களும் அவங்க கூட்டோன்னு தெரியாம, அதுல உங்க பேரையும்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்.