இறுக்கிய நட்டுக்கு ஒரு பொட்டு

“வீட்டுப் படி தாண்டாதவளுக்கு எதுக்கு நெயில் பாலிஷ்?” என்று என் அண்ணன் பழனிக்குமார் ஒருமுறை கேட்டான். கேட்டுவிட்டு அவனே சிரித்தான். தான் சொல்வதற்கு முதலில் சிரிப்பவன் எப்போதும் அவன்தான். வகுப்பில் எழுந்து நின்று பேசக் கூச்சப்பட்டுப் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவனுக்காகவா வாயைத் திறப்பேன்?

அந்தப் பாட்டிலை நீங்கள் ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணி பானுப்ரியா பிள்ளைப்பேற்றுக்குக் கீரனூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் இருவரையும் திண்டுக்கல்லுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. உலகத்தில் வேறு யாருக்கும் பிள்ளை பிறக்காதது போல அண்ணன் நடந்துகொண்டான். எங்கள் பழைய கார் வேகத்தடையில் ஏறினால் முன்பக்கம் கடகடக்கும். “எம் மக குலுங்காம வரணும்” என்று சொல்லி, பேகம்பூரில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் ஹாதி பாயிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினான். பல் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி என்பதால் நானும் பின்சீட்டில் இருந்தேன்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். “சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்ம் ரெண்டும் போச்சு தம்பி. சக்கரத்தைச் சுத்த வைக்கிற டிரைவ் ஷாஃப்ட்ல ரப்பரும் கிழிஞ்சிருக்கு. உருவித்தான் மாட்டணும். விட்டுட்டுப் போங்க.”

“அதெல்லாம் நானே பாத்துக்கிறேன் பாய். ஃபோன்ல அம்புட்டும் இருக்கு.”

“ஃபோன்ல ஸ்பேனர் இருக்கா தம்பி?” என்றார் பாய். பிறகு, “சரி, ஒண்ணு மட்டும் செய்யுங்க. நட்டை இறுக்கினதும் அது மேல ஒரு சொட்டு பெயிண்ட் வச்சிருங்க. கையால முடுக்கி விட்டதுக்கு வைக்கக் கூடாது. ஸ்பேனர் போட்டு இறுக்கினதுக்கு மட்டும். பொட்டு இருந்தா அந்த வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். மறதிக்கு அதான் மருந்து” என்றார்.

வீட்டில் பெயிண்ட் இல்லை. என் பாட்டில் அப்போதுதான் அவன் ஞாபகத்துக்கு வந்தது. “நீ பக்கத்துல உக்காந்து பொட்டு மட்டும் வை. வேற எதுலயும் கை வைக்காத” என்றான். அவன் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது.

சனிக்கிழமை வாசலில் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினான். தெருவே பார்க்க வந்தது. வர வேண்டும் என்றுதான் அவனும் வாசலில் போட்டான். எதிர்வீட்டு மலைச்சாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

“ஏன் அப்பு, கழட்டுறதுக்கு நல்ல நேரம் பாத்துட்ட. மாட்டுறதுக்கும் பாத்தியா?”

“நீங்க செத்த நேரம் சும்மா இருங்க மாமா, நட்டு பயந்துருது.”

ஷாஃப்ட்டை உருவப் போகும்போது, “கீழ ஒரு சட்டி வைக்கவாண்ணே, எண்ணெய் வரும்போல இருக்கு” என்றேன்.

“பாருங்கய்யா, பத்தாவது தாண்டாதது பாடம் எடுக்குது” என்றான். தெரு சிரித்தது. உருவினான். கியர்பாக்ஸ் எண்ணெய் முழுக்க வாசலில் ஓடியது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் சமமானவர்கள்மேல் வருவது. நான் சாம்பலை அள்ளிப் போட்டேன்.

புதுப் பாகங்களைப் போட்டுத் திரும்ப மாட்டுவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. ஷாஃப்ட்டின் ஒரு முனை கியர்பாக்ஸுக்குள் ‘டக்’ என்று உட்கார வேண்டும். தள்ளினான், திட்டினான், ஃபோனைப் பார்த்தான், மறுபடி தள்ளினான். கடைசியில் உட்கார்ந்தது. புது எண்ணெயும் ஊற்றினான். மறுமுனையைச் சக்கரம் மாட்டும் இரும்புக்குள் ஏற்றி அதன் நட்டை இறுக்கினான். நான் பொட்டு வைத்தேன். பிறகு லோயர் ஆர்மின் முனையிலிருக்கும் பால் ஜாயிண்டை அதே இரும்பின் துளைக்குள் நுழைத்தான். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருப்பது இந்த ஒரு போல்ட்தான் என்று வாத்தியார் குரலில் தெருவுக்குச் சொன்னான். போல்ட்டைச் செருகினான், நட்டை விரலால் முடுக்கினான். அப்போது அண்ணியின் வீடியோ கால் வந்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். “சிரிக்கிறாளா? காட்டு, காட்டு” என்று குரல் கேட்டது. வேடிக்கை முடிந்ததென்று மலைச்சாமியும் மற்றவர்களும் சாப்பிடக் கலைந்துவிட்டார்கள்.

நான் அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கே சுற்றியது. பாட்டிலைத் திறந்து, பாதி நட்டின்மேலும் பாதி இரும்பின்மேலும் படும்படி அழகாக ஒரு பொட்டு வைத்தேன்.

இதைப் பெரிய விஷயமாக நினைக்காதீர்கள். அது ஒரு பரீட்சை. வேலை தெரிந்தவன் எதற்கும் இன்னொரு தடவை ஸ்பேனரைப் போட்டுப் பார்ப்பான். தெரியாதவன், பத்தாவது தாண்டாதவள் வைத்த பொட்டை நம்புவான். அவன் எந்த வகை என்பது எனக்கு முன்பே தெரியும். அவனுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

“ஏ புள்ள, இதை இறுக்கிட்டேனா?”

“பொட்டு இருக்கேண்ணே.”

நான் பொய் சொல்லவில்லை. பொட்டு இருந்தது. அவன் ஸ்பேனரை வைத்துவிட்டுச் சக்கரத்தை எடுத்தான்.

ஞாயிறு காலை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினான். சத்தமே இல்லை. அவனுக்கே ஆச்சரியம், மறைத்துக்கொண்டான். கிளம்பும் முன் சொல்லிவிடலாம் என்று நான் வண்டிக்குப் பக்கத்தில் போனது உண்மை. அவன் கண்ணாடியை இறக்கி, “வள்ளி, வெஞ்சனத்துல உப்பு போட்டு வை. போன தடவை மாதிரி மறந்து தொலைக்காத” என்றான். சரியென்று தலையாட்டினேன். மறதியைப் பற்றி அவன் எனக்குச் சொல்கிறான்.

கீரனூர் போகும்வரை ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு வளைவில் முன்சக்கரம் மடிந்தது. வண்டி புளியமரத்தில் மோதியது. அண்ணனுக்குக் கால் முறிந்தது. அண்ணிக்கு நெற்றியில் தையல். குழந்தை அண்ணியின் மடியில் இருந்தது. வெளிக்காயம் எதுவும் இல்லை, தூங்குவது போலத்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் ஆரத்தி கரைத்து வைத்திருந்தேன். அதையும் நானே கொட்டினேன்.

நொறுங்கிய வண்டியை அப்துல் ஹாதி பாய் பார்த்தார். போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. இரும்பின்மேல் பாதிப் பொட்டு மட்டும் இருந்தது. “கையால மட்டும் முடுக்கிட்டுப் பொட்டு வச்சிட்டாரு” என்றார். அதன்பிறகு தெருவில் அதே பேச்சுதான். ஃபோனைப் பார்த்து மெக்கானிக் ஆனவன், சொந்தப் பிள்ளையை வாரிக் கொடுத்தவன். நான் இத்தனை வருடம் அறிந்திருந்ததை ஊர் அப்போதுதான் தெரிந்துகொண்டது. அண்ணன் கொல்லைப்புறத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து, “பொட்டு இருந்துச்சே” என்று சொல்லிக்கொண்டிருப்பான். சிரிப்பதில்லை. சகிக்கக்கூடிய மனிதனாக ஆகிவிட்டான் என்றே சொல்வேன்.

இன்று காலை அண்ணி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய்வீட்டுக்குப் போனவள், இப்போதுதான் இந்தப் படி ஏறினாள். உட்காரவில்லை.

“வள்ளி, அன்னைக்கு நீ பக்கத்துலதான இருந்த. அவங்க இறுக்குனாங்களா, இல்லையா? அது தெரிஞ்சா போதும் எனக்கு. அசட்டையா விட்டிருந்தாங்கன்னா, அவங்க கூட இனி ஒரு வாய் சோறு உண்ண என்னால ஆகாது கண்ணு.”

‘இல்லை’ என்று ஒரு வார்த்தை போதும். அவன் கதை முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காரியத்தையும் அவனே செய்ததாக ஊர் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை நேர்த்தியாக ஒன்று செய்ய அவனால் முடியுமா? ஆகவே உங்களுக்குச் சொன்னது போலவே, இதே வரிசையில், அண்ணிக்குச் சொன்னேன். பாட்டிலையும் கையில் கொடுத்தேன். மனசு லேசாகும் என்றுதான்.

அவள் முழுதும் கேட்டாள். கொல்லைப்புறம் போய் அண்ணனின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டு எழுப்பினாள். அவன் என்ன ஏதென்று கேட்டான். அவள் அவன் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். இருவரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். “சாப்பிட்டுப் போங்கண்ணி, உப்பு சரியா போட்டிருக்கேன்” என்றேன்.

பாட்டிலைக் கையில் பிடித்தபடி அண்ணி படி இறங்கினாள். போயிட்டு வாரேன் என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. உண்மையைச் சொன்னவளிடம் அந்த மரியாதையாவது இருக்க வேண்டாமா?